பனானா பிரெட் நடுவில் களியாக நின்றுவிடுவது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: "மூன்று பெரிய வாழைப்பழம், ஒன்றரை கப் மைதா, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா (பேக்கிங் சோடா) போட்டுக் கலந்து ஓ.டி.ஜி.யில் (சின்ன மின்சார ஓவன்) 200 டிகிரியில் 40 நிமிடம் வைத்தேன். மேலே கருகிவிட்டது, நடுவில் களி மாதிரி இருந்தது. அடுத்த தடவை வாசம் தூக்கலாக இருக்கட்டும் என்று இன்னொரு பழமும், நன்றாக உப்பி வரட்டும் என்று இன்னொரு டீஸ்பூன் சோடாவும் சேர்த்தேன். ஜோராக எழும்பியது, பிறகு நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. வாயில் வைத்தால் சோப்பு வாடை. மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். எங்கே தப்பு?"

தப்பு பெரும்பாலும் பழத்தின் அளவில்தான். அதற்கு அடுத்தது சூடு. இந்த இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு சோடாவைக் கூட்டியதால் மூன்றாவதாக ஒரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஓ.டி.ஜி.யை மாற்ற வேண்டாம், வேறு வீடியோ தேடவும் வேண்டாம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு மட்டும் வாங்குங்கள். பேக்கிங் பற்றிக் கேட்கிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

"மூன்று பழம்" என்று எழுதியிருக்கும் குறிப்புகளை நான் நம்புவதே இல்லை. பனானா பிரெட் என்பது வாழைப்பழம் மசித்துப் போட்டுச் செய்யும், கேக் போன்ற அமெரிக்க வீட்டுப் பண்டம். பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் அங்கே எல்லார் வீட்டிலும் புழங்கத் தொடங்கிய பிறகு, 1930-களில்தான் சமையல் நூல்களில் அது நிலையான இடம் பிடித்தது. அப்போது அமெரிக்கக் கடைகளில் விற்றது க்ரோ மிஷேல் என்ற வாழை. பனாமா வாடல் நோய் அந்தத் தோட்டங்களை அழித்த பிறகு, 1950-களிலும் 60-களிலும் அதன் இடத்துக்கு காவெண்டிஷ் வந்தது. இன்று ஆங்கிலத்தில் எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் காவெண்டிஷை மனதில் வைத்தவை. அங்கே சாதாரணக் கடையில் வேறு ரகம் பார்ப்பதே அபூர்வம் என்பதால் எண்ணிக்கை சொன்னால் ஓரளவு போதும். நம் பழக்கடையில் அப்படியா? ஒரே கடையில் மோரிஸ், பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, ஏலக்கி, செவ்வாழை, நேந்திரன் எல்லாம் தொங்கும். தோலுரித்த மோரிஸ் ஒன்று ஏறக்குறைய 100 முதல் 130 கிராம் வரை வரும். பூவன் அதில் பாதிதான் இருக்கும், ஏலக்கி அதைவிடவும் சிறிது. நல்ல நேந்திரனோ மோரிஸைத் தாண்டிப் போகும். மூன்று பழம் என்பதற்கு இங்கே அர்த்தமே கிடையாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பழுத்த வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். கையில் எடுத்தால் கெட்டியாக இருப்பதால் அது நமக்குத் தோன்றுவதில்லை. நீங்கள் இரண்டாவது தடவை போட்ட நான்கு பெரிய பழங்கள் அரைக்கிலோவுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். அப்படியானால் பழத்திலிருந்து மட்டும் 350 மில்லிக்கு மேல் தண்ணீர் வந்திருக்கிறது. அதைத் தாங்க ஒன்றரை கப் மைதா, அதாவது 190 கிராம் அளவு மாவுதான் இருந்தது. அந்த மாவை ஒரு மணி நேரம் வேகவைத்தாலும் நடுப்பகுதி கேக் போலப் பொரபொரப்பாக நிற்காது, களியாகத்தான் நிற்கும். மாவு 225 கிராம் என்றால் மசித்த பழம் 300 கிராம் போதும். இன்னும் வாசம் வேண்டுமென்றால் கூடுதல் பழம் தேவையில்லை, கூடுதலாகப் பழுத்த பழம்தான் தேவை.

எவ்வளவு பழுக்க வேண்டும்? தோல் மஞ்சளாகி விட்டதே என்று உடனே எடுக்காதீர்கள். காயாக இருக்கும்போது வாழையில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அதிலுள்ள நொதிகள் அதைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. தோலில் கரும்புள்ளிகள் பரவி, பாதிக்கு மேல் பழுப்பாகி, காம்பைப் பிடித்துத் தூக்கினால் பழம் நழுவப் பார்க்கிற நிலையில்தான் இனிப்பும் வாசமும் முழுதாக இருக்கும். நாமாகச் சாப்பிடத் தயங்குகிற பழம்தான் இதற்குச் சரியான பழம். ஒரு எல்லையும் உண்டு. உரித்தவுடன் புளித்த கள் வாடை வந்தாலோ, தண்ணீர் கசிந்தாலோ, காம்புப் பக்கம் பூஞ்சை தெரிந்தாலோ வேண்டாம். உள்ளே ஓரிடத்தில் மட்டும் கன்றிப் பழுப்பாக இருந்தால் கவலையில்லை, அப்படியே மசிக்கலாம்.

கடையில் வாங்கும் பழத்தில் ஒரு விஷயம் கவனியுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த மட்டும் அனுமதி உண்டு. ஆனாலும் அவசரமாகப் பழுக்கவைத்த தார்கள் சந்தைக்கு வராமல் இல்லை. தோல் ஒரே சீராகப் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும், காம்பு பச்சையாக நிற்கும், உரித்தால் உள்ளே சவசவவென்று இருக்கும். அதை வைத்துச் செய்த பிரெட்டில் வாசமே இருக்காது. ஆகவே செய்யப்போகும் நாளுக்கு நான்கைந்து நாள் முன்பே வாங்கி வீட்டில் பழுக்கவிடுங்கள். பாட்டிகள் செய்தது போல அரிசிப் பாத்திரத்தில் புதைத்து மூடினால் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வெளியே போகாமல் சீக்கிரம் கனியும். அதற்குள் எல்லாம் ஒரே நேரத்தில் கனிந்துவிட்டால் உரித்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உறைந்த பழம் இளகும்போது பழுப்பு நிறத்தில் நீர் விடும். அதைக் கொட்டாதீர்கள், இனிப்பும் மணமும் அதில்தான் இறங்கியிருக்கும். பழத்தோடு சேர்த்தே எடை போடுங்கள்.

ரகத்தைப் பொறுத்தவரை என் விருப்பம் மோரிஸ் பாதி, பூவன் பாதி. மோரிஸ், ரொபஸ்டா, ஜி-9 என்ற பெயர்களில் வருபவை எல்லாம் காவெண்டிஷ் குடும்பம்தான், நன்றாக மசியும், மணமும் பழகிய மணம். பூவனில் லேசான புளிப்பு உண்டு, அது இனிப்பு திகட்டாமல் பார்த்துக்கொள்ளும். கற்பூரவள்ளி போட்டால் சர்க்கரையைக் கணிசமாகக் குறையுங்கள். ரஸ்தாளியில் சில பழங்களுக்குள் கெட்டியான கட்டி இருக்கும், மசிக்கும்போது விரலில் தட்டினால் எடுத்துவிடுங்கள். நேந்திரன் தோல் முழுக்கக் கறுத்தாலொழிய இதற்கு ஆகாது. செவ்வாழையை இதில் மசித்துப் போடுவது எனக்கு மனசே வராது, அதை அப்படியே சாப்பிட வேண்டும்.

இனி சோடா. நம் கார்த்திகை அப்பத்தில் கோதுமை மாவு, வெல்லம், மசித்த வாழைப்பழம், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுகிறோம் இல்லையா? பனானா பிரெட்டிலும் நடப்பது அதே வேலைதான். ஒன்று எண்ணெயில் குழியில் வேகிறது, இன்னொன்று அடுப்புச் சூட்டில் டின்னில் வேகிறது. சோடா ஒரு காரம். அதோடு புளிப்புள்ள ஏதாவது சேர்ந்தால் கரியமில வாயு வரும், அந்தக் குமிழிகள்தான் மாவை எழுப்புகின்றன. வாழைப்பழத்தில் லேசான அமிலம் இருக்கிறது, நாட்டுச்சர்க்கரையிலும் கொஞ்சம் உண்டு, தயிரில் நிறையவே உண்டு. இவை எல்லாம் சேர்ந்து எவ்வளவு சோடாவை ஈடுகட்ட முடியுமோ அவ்வளவுதான் போட வேண்டும். 225 கிராம் மாவுக்கு முக்கால் டீஸ்பூன், தலை தட்டி.

அதற்கு மேல் போட்டால் இரண்டு கெடுதல். ஒன்று, வாயு அளவுக்கு மீறி வேகமாக வரும். சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே உடைந்துவிடும். நீங்கள் பார்த்த "ஜோராக எழும்பி, அப்புறம் பள்ளம்" அதுதான். இரண்டு, அமிலம் கிடைக்காமல் மிஞ்சுகிற சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறுகிறது. துணி துவைக்கப் பயன்படும் சலவை சோடாவும் அதே பொருள்தான். வாயில் சோப்பு வாடை வந்தது உங்கள் கற்பனை இல்லை. மேல்பாகம் சீக்கிரம் கருத்ததிலும் அதற்குப் பங்கு உண்டு, காரத்தன்மை கூடினால் நிறம் வேகமாக ஏறும்.

அப்புறம், சோடா பழசா புதுசா என்று பாருங்கள். ஒரு கரண்டியில் கொஞ்சம் சோடா எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். உடனே பொங்கி நுரைக்க வேண்டும். பேக்கிங் பவுடரை அப்படிச் சோதிக்க வேண்டாம், அதில் அமிலமும் உள்ளேயே கலந்திருக்கிறது, வெந்நீர் விட்டாலே பொங்கும். சோடா இல்லை, பவுடர்தான் இருக்கிறது என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு தேவைப்படும். நிறம் வெளுப்பாக வரும், சுவையிலும் அந்த ஆழம் இருக்காது, ஆனால் சாப்பிட நன்றாகவே இருக்கும்.

அளவுகளை ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன். மைதா 225 கிராம். தோலுரித்து மசித்த பழம் 300 கிராம். நாட்டுச்சர்க்கரை 125 கிராம். முட்டை 2. மணமில்லாத எண்ணெய் 80 மில்லி. அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் 3 டேபிள்ஸ்பூன். ஆப்ப சோடா முக்கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். பட்டைப் பொடி முக்கால் டீஸ்பூன், அல்லது அதற்குப் பதில் ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூனும் கொஞ்சம் சுக்கும். அக்ரூட் அல்லது முந்திரி ஒரு கைப்பிடி. இது எட்டரை அங்குல நீளம், நாலரை அங்குல அகலமுள்ள பிரெட் டின்னுக்குச் சரியாக இருக்கும், டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக நிரம்பும்.

எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். போடலாம், உருக்கி ஆறவைத்து 90 கிராம். அன்றைக்கு மணம் பிரமாதமாக இருக்கும். ஆனால் மறுநாள் எண்ணெய் போட்டதுதான் மெத்தென்று இருக்கும், ஏனென்றால் எண்ணெய் ஆறினாலும் உறைவதில்லை. வாழைப்பழ மணத்தோடு போட்டிபோடும் நல்லெண்ணெய், கடலெண்ணெய் வேண்டாம். தேங்காயெண்ணெய் இதோடு நன்றாகச் சேரும், பிடித்தவர்கள் தாராளமாகப் போடலாம்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிடலாமா என்பது அடுத்த கேள்வியாக வரும். ஓரளவு குறைக்கலாம். பழம் நன்றாகக் கனிந்திருந்தால் 90 கிராம் வரை இறங்கலாம். அதற்குக் கீழே போனால் இனிப்பு மட்டும் குறையாது, ஈரப்பதமும் நிறமும் போய்விடும். சர்க்கரை தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, அதனால்தான் பிரெட் இரண்டாம் நாளும் வறண்டுபோகாமல் இருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. சர்க்கரை அதிகமானால் மாவுச்சத்து வெந்து இறுகத் தேவையான சூடு கூடிவிடும், நடுப்பகுதி இன்னும் தாமதமாக வேகும். களிப் பிரச்சினைக்கு இதுவும் ஒரு காரணம்.

கலக்கும் விதத்தில்தான் வீட்டுப் பேக்கிங்கில் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள், இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பழத்தை மிக்ஸியில் அடிக்காதீர்கள். முள்கரண்டியால் மசியுங்கள், பட்டாணி அளவுக் கட்டிகள் அங்கங்கே இருக்கட்டும், வெந்தபின் அவை இனிப்புப் பொட்டுகளாக நாக்கில் படும். ஒரு பாத்திரத்தில் பழம், சர்க்கரை, முட்டை, எண்ணெய், தயிர் ஐந்தையும் போட்டு விஸ்க்கால் (கம்பி மத்து) நன்றாகக் கலக்குங்கள். இந்தக் கட்டத்தில் எவ்வளவு அடித்தாலும் பாதகமில்லை, சர்க்கரை கரைகிற வரை கலக்குங்கள். இன்னொரு பாத்திரத்தில் மைதா, சோடா, உப்பு, பட்டைப் பொடி நான்கையும் ஒன்றாகச் சேர்த்துச் சலியுங்கள். சோடாவைச் சலிக்காமல் போட்டால் கட்டியாக ஓரிடத்தில் நின்று, வெட்டும்போது கரும்பழுப்புப் புள்ளியாகத் தெரியும், அந்தத் துண்டு வாயில் கசக்கும்.

இப்போது மாவை ஈரக் கலவையில் கொட்டியதும் விஸ்க்கைக் கீழே வைத்துவிடுங்கள். ஸ்பேட்டுலாவோ அகலமான மரக்கரண்டியோ எடுத்து, அடியிலிருந்து வழித்து மேலே மடித்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி அடியிலிருந்து வழித்து மடியுங்கள். முதலில் வெள்ளை மாவு திட்டுத் திட்டாக நிற்கும். பிறகு அது கோடுகளாக மெலியும். கடைசி வெள்ளைக் கோடு மறைகிறதா என்று பார்க்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மாவு மழமழவென்று இருக்காது, கொஞ்சம் கரடுமுரடாக, இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து தொப்பென்று விழும். அந்தப் பதம்தான் சரி. "கட்டி இருக்கிறதே" என்று பயந்து இன்னும் இரண்டு நிமிடம் அடித்தால் மைதாவிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் வலையாக இறுகும். பரோட்டாவுக்கு அந்த வலு வேண்டும், இதற்கு வேண்டாம். அதிகம் அடித்த மாவில் குமிழிகள் நேராக மேலே போக வழியில்லாமல் நீண்ட துளைகளாகப் பாயும். வெட்டிப் பார்த்தால் உள்ளே சுரங்கம் சுரங்கமாகத் தெரியும், மெல்லும்போது ரப்பர் மாதிரி இழுக்கும்.

கலந்தபின் மாவைக் காத்திருக்க வைக்காதீர்கள். சோடா ஈரம் பட்ட நொடியிலேயே வேலையை ஆரம்பித்துவிடும். கலக்குவதற்கு முன்பே டின்னில் பட்டர் பேப்பர் போட்டு, ஓவனைச் சூடேற்றி வைத்திருக்க வேண்டும். பட்டர் பேப்பரை நீளப்பக்கம் இருபுறமும் வெளியே தொங்கும்படி போட்டால் பிறகு தூக்கி எடுப்பது சுலபம்.

சூட்டுக்கு வருவோம். 200 டிகிரி இதற்கு அதிகம். இவ்வளவு ஆழமான, ஈரமான மாவுக்குள் சூடு ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லத்தான் நடுவுக்குப் போகும். வெளிச்சூடு கடுமையாக இருந்தால் நடுவுக்குச் சேதி போவதற்குள் மேல்தோல் காய்ந்து கருகிவிடும். 170 டிகிரி, 55 முதல் 65 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கீழே இரண்டு கம்பியும் எரியட்டும். சின்ன ஓ.டி.ஜி.யில் எழும்பிய பிரெட்டின் தலை மேல்கம்பிக்கு மிக அருகில் போய்விடும், ஆகவே டின்னைக் கீழ்த்தட்டில் வையுங்கள். 35 நிமிடம் கழித்து நிறம் போதும் என்று தோன்றினால் ஒரு அலுமினியம் ஃபாயிலைக் கூடாரம் போல மேலே கவிழ்த்துவிடுங்கள், ஒட்டி அழுத்த வேண்டாம். அதற்கு முன் கதவைத் திறக்கவே கூடாது. முதல் அரைமணி நேரத்தில் சூடு இறங்கினால் இன்னும் இறுகாத நடுப்பகுதி அமுங்கிவிடும். ஓ.டி.ஜி.யின் திருகில் எழுதியிருக்கிற எண்ணும் உள்ளே இருக்கும் உண்மையான சூடும் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் விலை அதிகமில்லை, வாங்கி வைத்துவிட்டால் எல்லா பேக்கிங்குக்கும் உதவும்.

வெந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நேரத்தை நம்ப வேண்டாம். மேலே நீளவாக்கில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கும், அதன் பள்ளத்தை உற்றுப் பாருங்கள். அங்கே இன்னும் ஈரமாகப் பளபளத்தால் வேகவில்லை. நீளமான மூங்கில் குச்சியை வெடிப்பின் வழியாக நடுவில் அடிவரை இறக்கி எடுங்கள். ஈர மாவு ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம். ஒன்றிரண்டு உதிரித் துகள் ஒட்டினால் சரி, எடுத்துவிடலாம். பழக் கட்டியில் குத்திவிட்டால் ஈரமாகத்தான் வரும், பக்கத்தில் இன்னொரு முறை குத்திப் பாருங்கள். உணவுக்குள் குத்தும் தெர்மாமீட்டர் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை, நடுவில் 95 டிகிரி காட்ட வேண்டும்.

எடுத்ததும் பத்து நிமிடம் டின்னிலேயே இருக்கட்டும். அதற்கு மேல் விட்டால் ஆவி உள்ளேயே தங்கி அடியும் ஓரமும் சொதசொதவென்று ஆகும். பட்டர் பேப்பரைப் பிடித்துத் தூக்கிக் கம்பித்தட்டில் வைத்து முழுதாக ஆறவிடுங்கள். சூடாக வெட்டினால் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும், நன்றாக வெந்த பிரெட்கூட வேகாதது போலத் தெரியும். உங்கள் முதல் பிரெட்டை ஆறுவதற்கு முன் வெட்டியிருந்தால் அதுவும் களித் தோற்றத்துக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கும். முடிந்தால் ஆறியதும் சுற்றி வைத்து மறுநாள் வெட்டுங்கள். ஈரம் உள்ளும் புறமும் சமமாகப் பரவி, பட்டை மணம் பழத்தோடு சேர்ந்து, முதல் நாளைவிட ருசியாக இருக்கும்.

மாமியாருக்காக முட்டையில்லாமல் செய்வது கஷ்டமே இல்லை. வாழைப்பழமே நன்றாகப் பிணைக்கும். இரண்டு முட்டைக்குப் பதில் தயிரை 3 டேபிள்ஸ்பூனிலிருந்து 120 கிராமாகக் கூட்டுங்கள், சோடாவோடு அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் சேருங்கள். முட்டை போட்டால் அதன் புரதம் சூட்டில் உறைந்து சுவர் போல நிற்கும், இதில் அது இல்லை, ஆகவே கொஞ்சம் நெருக்கமாகவும் கனமாகவும் வரும். அதனால் முட்டையில்லாததை உயரமான டின்னில் செய்வதைவிட, அகலமான தட்டையான கேக் டின்னிலோ மஃபின் குழிகளிலோ ஊற்றுவது நல்லது. நடு சீக்கிரம் வெந்துவிடும். மஃபின் என்றால் 180 டிகிரியில் 20 நிமிடத்துக்குப் பிறகு குச்சி குத்திப் பாருங்கள். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றுகிற முறையும் உண்டு, எனக்கு அது பிடிக்காது. பால் இனிப்பு பழத்தின் மணத்தை மூடிவிடுகிறது.

மைதா வேண்டாம், கோதுமை மாவில்தான் செய்வேன் என்றால் அதற்கும் தடையில்லை. மில்லில் அரைத்த மாவில் தவிடு இருப்பதாலும், கல்லில் அரைபடும்போது மாவுச்சத்து சிதைவதாலும் அது அதிகம் தண்ணீர் குடிக்கும். மூன்று டேபிள்ஸ்பூன் பால் கூடுதலாக விட்டு, கலந்தபின் ஐந்து நிமிடம் மட்டும் ஊறவிட்டு டின்னில் ஊற்றுங்கள். பாதி மைதா, பாதி கோதுமை என்பது வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும் நடுவழி. நாட்டுச்சர்க்கரையும் கோதுமையும் சேர்ந்தால் வரும் மணம் அப்பத்தின் மணம்தான், பெரியவர்கள் அதைத்தான் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

ஓவன் இல்லாத உறவினர் யாராவது கேட்டால் சொல்ல: கனமான அடியுள்ள பழைய பாத்திரத்தில் ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, பத்து நிமிடம் மிதமான தீயில் காயவிட்டு, உள்ளே டின்னை வைத்துச் சிறுதீயில் ஒரு மணி நேரம் வேகவிடலாம். குக்கர் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும், உள்ளே அழுத்தம் சேரவே கூடாது. மேல்பக்கம் சிவக்காது, அது அந்த முறையின் இயல்பு. கன்வெக்ஷன் உள்ள மைக்ரோவேவ் ஓவனில் கன்வெக்ஷனில் மட்டும் வையுங்கள், வெறும் மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்தான் கிடைக்கும்.

பருப்பு வகைகளில் அக்ரூட் வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் அந்தப் பாக்கெட் முழுவதும் பிரெட்டைக் கெடுத்துவிடும். லேசாக வறுத்துப் போட்டால் நமுத்துப்போகாது. வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையும் நன்றாகவே இருக்கும். சூரியகாந்தி விதை போட்டால் மறுநாள் அதைச் சுற்றிப் பச்சை நிறம் தெரியலாம். பூஞ்சையோ என்று பதற வேண்டாம், விதையிலுள்ள ஒரு அமிலமும் சோடாவும் சேர்வதால் வரும் நிறம் அது, சாப்பிடலாம்.

இந்த அளவு கைக்கு வந்துவிட்டால் வேறு பழங்களுக்குப் போகலாம், ஆனால் பழத்தை அப்படியே மாற்றிவிட முடியாது. மாம்பழக் கூழ் வாழையைவிட நீர்த்தது, பிணைப்பும் குறைவு. நாரில்லாத பழமாக எடுத்து, அடிகனமான வாணலியில் கிளறிச் சுண்டவைத்து, ஆறியபின் 250 கிராம் எடை போட்டுச் சேருங்கள். அன்னாசியைப் பச்சையாகப் போடாதீர்கள், பொடியாக நறுக்கிச் சர்க்கரையோடு நீர் வற்றும்வரை வதக்கிப் போட வேண்டும். பலாச்சுளை அடங்காத மணம் கொண்டது, வாழைப்பழத்தில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மசித்த பலா போட்டால் போதும். பேரீச்சம்பழத்துக்கு மட்டும் ஒரு தனி வழி உண்டு. கொட்டை நீக்கிய 200 கிராம் பழத்தை நறுக்கி, அதன்மேல் சோடாவைத் தூவி, கொதிக்கும் தண்ணீர் 200 மில்லி ஊற்றி ஆறும்வரை மூடிவையுங்கள். காரத்தில் தோல் குழைந்து, கரண்டியால் அழுத்தினாலே கூழாகிவிடும். சோடா அதிலேயே இருப்பதால் மாவில் தனியாகப் போட வேண்டாம். சர்க்கரையை 80 கிராமாகக் குறைத்துவிடலாம்.

வைத்துச் சாப்பிடும் விஷயத்தில் நம் ஊர்ப் புழுக்கத்தை நினைவில் வையுங்கள். இவ்வளவு ஈரமுள்ள பண்டம் சமையலறை மேடையில் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, மழைக்காலத்தில் அதுவும் சந்தேகம். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் வரை இருக்கும். அதற்கு மேல் என்றால் துண்டு போட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிடுங்கள். தேவைப்படும்போது ஒரு துண்டை எடுத்து, தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் தடவி இருபுறமும் ஓரம் மொறுமொறுப்பாகும்வரை சுட்டால் மாலைக் காப்பிக்குத் தயார்.